எலும்பாக்கமும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வும்

(வெள்ளி விழாவின் அறிவியல் அமர்வில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் எலும்பைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். மங்கல நாளில் அச்சொல்லை நாவில் எடுக்கலாகாது என்பது நாட்டு வழக்கு. ஆயினும் எலும்பு நமக்கு அன்னியப் பொருள் அன்று. இறந்த கால்நடையை அகற்றுவதும், தோலை உரித்துப் பதனிடுவதும், எலும்பைப் பொறுக்கி உரத்திற்கு அனுப்புவதும் நம் முன்னோர் தலையில் சுமத்தப்பட்ட தொழில்கள். அத்தொழிலைச் செய்வித்தவர்களே அதனைத் தீட்டு என்றும் சொன்னார்கள். ஆகவே எலும்பைப் பற்றிப் பேசுவதற்கு இம்மேடையைவிடப் பொருத்தமான மேடை வேறில்லை எனக் கருதுகிறோம்.

வளர்ந்த மனிதனின் உடலில் 206 எலும்புகள் உள்ளன. அவற்றைக் கட்டடத்தின் தூண்களைப் போன்ற உயிரற்ற பொருள்கள் என்று பலர் நினைக்கின்றனர். அது தவறு. எலும்பு உயிருள்ள திசு. அதில் இரத்தம் ஓடுகிறது, நரம்பு செல்கிறது, உயிரணுக்கள் வாழ்கின்றன. அதன் கடினம் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த உப்பினால் வருவது. அதன் உறுதியோ கொலாஜன் என்னும் புரத நாரினால் வருவது. உப்பு மட்டும் இருந்தால் எலும்பு சுண்ணாம்புக் கட்டியைப் போல் உடையும். நார் மட்டும் இருந்தால் கயிற்றைப் போல் வளையும். இரண்டும் இணைந்ததே எலும்பு.

இந்தக் கொலாஜனுக்கும் சென்னைக்கும் ஓர் உறவு உண்டு. அதன் அமைப்பு மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிய வடிவம் என்பதனைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன் அவர்களும் கோபிநாத் கர்த்தா அவர்களும் 1954ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். தோலின் முதன்மைப் பொருளும் இதே கொலாஜன்தான். ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய்ச் சாற்றிலும் தோலை ஊறவைத்தால் அது அழுகாமல் நிற்பது ஏன்? பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருள் கொலாஜன் நாரைப் பற்றிப் பிணைப்பதனால். தொட்டிகளில் கைவிட்டு அந்த வேலையைச் செய்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தப் புரதத்தோடு பழகியவர்கள். அதன் பெயரை மட்டும் அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தீட்டு என்று விலக்கப்பட்ட அப்பொருள், விலக்கியவர்களின் எலும்பிலும் தோலிலும் அதே வடிவில் இருந்தது என்பதையும் யாரும் சொல்லவில்லை. இன்று நாம் சொல்கிறோம்.

இனி எலும்பு உருவாகும் முறையைக் காண்போம். நம் எலும்பில் ஓயாது இரு பணிகள் நடைபெறுகின்றன. பழைய எலும்பை அரித்து எடுக்கும் உயிரணுக்கள் ஒரு வகை. அரித்த குழியில் கொலாஜனைப் பரப்பி, உப்பைப் படியவைத்துப் புது எலும்பைக் கட்டும் உயிரணுக்கள் மற்றொரு வகை. முன்னதை எலும்பரிப்பணு என்றும் பின்னதை எலும்பாக்கணு என்றும் அழைப்போம். வளர்ந்தவர் உடலில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 விழுக்காடு எலும்பு இவ்வாறு பழையது கழிந்து புதியதாகிறது. இளமையில் கட்டுதல் மிகுதி. நடுவயதில் இரண்டும் சமம். முதுமையில் அரித்தல் மிகுதி. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பின் இந்த இழப்பு விரைவாகிறது. நம் வீட்டுப் பாட்டிமார் வழுக்கி விழுந்தவுடன் இடுப்பெலும்பு முறிவதன் காரணம் இதுவே.

எலும்பாக்கணு எங்கிருந்து வருகிறது? சோவியத் நாட்டின் அலெக்சாண்டர் பிரீடன்ஸ்டைன் என்னும் அறிஞர் 1960களில் எலும்பு மஜ்ஜையை எடுத்து விலங்கின் உடலில் வேறோர் இடத்தில் வைத்துப் பார்த்தார். எலும்பே இல்லாத அவ்விடத்தில் எலும்பு தோன்றியது. ஆகவே எலும்பை உண்டாக்கவல்ல மூல உயிரணுக்கள் மஜ்ஜைக்குள் இருக்கின்றன என்பது தெளிவாயிற்று. அமெரிக்க அறிஞர் ஆர்னால்டு கேப்லன் 1991இல் இவற்றிற்கு மெசன்கைம ஸ்டெம் செல்கள் என்று பெயரிட்டார். நாம் மூல உயிரணு என்போம்.

இம்மூல உயிரணுவுக்கு முன்னே பல வழிகள் உள்ளன. அது எலும்பாக்கணுவாகலாம், குருத்தெலும்பு அணுவாகலாம், கொழுப்பணுவும் ஆகலாம். முதுமையில் மஜ்ஜைக்குள் எலும்பு குறைந்து கொழுப்பு மிகுவதை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டிருக்கின்றனர். எலும்பு வழியில் செல்ல வேண்டிய உயிரணு கொழுப்பு வழியில் திரும்பிவிடுவது அதற்கு ஒரு காரணம்.

இங்கே ஒரு வினா எழுகிறது. எலும்பாக்கணுவுக்கும் கொழுப்பணுவுக்கும் மரபணுத் தொகுதி ஒன்றுதான். ஒரே நூலை வைத்திருக்கும் இருவரில் ஒருவர் எலும்பையும் மற்றவர் கொழுப்பையும் ஆக்குவது எவ்வாறு? விடை எளிது. நூல் ஒன்றாயினும் அவர்கள் படிக்கும் பக்கங்கள் வேறு. உட்கருவிலுள்ள டி.என்.ஏ. என்னும் நூலிலிருந்து வேண்டிய பக்கம் மட்டும் படியெடுக்கப்படுகிறது. அப்படிக்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். அது உட்கருவை விட்டு வெளியே வந்து, ரைபோசோம் என்னும் பட்டறையை அடைகிறது. அங்கே அச்செய்தி படிக்கப்பட்டுப் புரதம் உருவாகிறது. ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் என்பதை மாணவர்கள் அறிவீர்கள்.

எலும்புக்குரிய பக்கங்களைத் திறந்துவிடும் புரதம் ஒன்று உண்டு. அதன் பெயர் ரன்க்ஸ்-2. அந்த மரபணுவை நீக்கிப் பிறப்பிக்கப்பட்ட எலிகளை 1997இல் ஆய்ந்தார்கள். அவற்றின் உடலில் எலும்பே உருவாகவில்லை. குருத்தெலும்பாலான சட்டகம் மட்டுமே இருந்தது. அவை பிறந்தவுடன் மூச்சுவிட இயலாமல் இறந்தன. மனிதரில் இந்த மரபணுவின் இரு படிகளுள் ஒன்று பழுதுற்றால், காறை எலும்பு வளராமலோ குறைவாகவோ இருக்கும். அத்தகையோர் தம் இரு தோள்களையும் மார்புக்கு முன்னே ஒன்றோடொன்று நெருங்கும்படி வளைக்க முடியும். இதிலிருந்து நாம் அறிவது யாது? ரன்க்ஸ்-2 இருந்தால் மட்டும் போதாது. தக்க அளவில் இருக்க வேண்டும். பாதியானால் பழுது.

அளவைக் காப்பது யார்? இங்கேதான் மைக்ரோ ஆர்.என்.ஏ. வருகிறது.

இதன் வரலாறு எலும்பில் தொடங்கவில்லை. ஒரு புழுவில் தொடங்கியது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள அப்புழு மண்ணில் வாழ்வது. அதன் வளர்ச்சியில் கோளாறு விளைவித்த ஒரு மரபணுவை அமெரிக்க அறிஞர் விக்டர் ஆம்புரோஸ் தேடினார். கிடைத்த மரபணு புரதம் எதையும் ஆக்கவில்லை. 22 எழுத்துகளே கொண்ட குறுகிய ஆர்.என்.ஏ. ஒன்றை மட்டும் ஆக்கியது. கேரி ரவ்கன் ஆராய்ந்து வந்த மற்றொரு மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.வின் கடைப்பகுதியோடு இக்குறுந்துண்டு பொருந்துவதையும், பொருந்தியபின் அத்தூது புரதமாகாமல் நின்றுபோவதையும் இருவரும் கண்டனர். இவை வெளியான ஆண்டு 1993. அறிவுலகம் பொருட்படுத்தவில்லை. புழுவுக்கு உரிய விந்தை இது என்று ஒதுக்கிவிட்டது. ஏழாண்டு கழித்து, 2000இல், ரவ்கன் குழுவினர் இரண்டாவது ஒன்றைக் கண்டனர். அது மனிதர் உள்ளிட்ட எண்ணற்ற விலங்குகளிடமும் இருந்தது. அதன் பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. இன்று மனிதரிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் அறியப்பட்டுள்ளன. 2024ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இவ்விருவருக்கும் வழங்கப்பட்டது.

நம் டி.என்.ஏ.வில் புரதத்தை ஆக்கும் பகுதி 2 விழுக்காட்டிற்கும் குறைவு. எஞ்சியதைக் குப்பை என்று சொன்னவர்கள் இருந்தனர். அவ்வாறு தள்ளப்பட்ட பகுதியில் வேலையற்றவை பல இருக்கக்கூடும். ஆயினும் உடலை ஆளும் இக்குறுந்துண்டுகளில் பல அங்கிருந்தே வந்தன.

மைக்ரோ ஆர்.என்.ஏ. செயற்படும் விதம் இதுதான். உட்கருவில் முதலில் நீண்ட இழையாக உருவாகி, கொண்டை ஊசியைப் போல் மடிகிறது. டிரோஷா என்னும் நொதி அதனை உட்கருவிலேயே ஒருமுறை வெட்டுகிறது. வெளியே வந்தபின் டைசர் என்னும் நொதி மறுமுறை வெட்டுகிறது. எஞ்சும் 22 எழுத்து இழை ஆர்கோனாட் என்னும் புரதத்தில் அமர்கிறது. பின்னர்த் தன் தொடக்கத்திலுள்ள ஏழெட்டு எழுத்துகளுக்கு இணையான எழுத்துகள் எந்தத் தூது ஆர்.என்.ஏ.வில் உள்ளன என்று தேடுகிறது. கண்டவிடத்தில் பற்றிக்கொள்கிறது. பற்றப்பட்ட தூது புரதமாவதில்லை. அல்லது விரைவில் சிதைந்துவிடுகிறது. ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. பல தூதுகளை அடக்கலாம். ஒரு தூதைப் பல மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் அடக்கலாம். பெரும்பாலும் அது முற்றாக வாய் மூடுவதில்லை, குரலைத் தாழ்த்துகிறது.

இனி எலும்புக்குத் திரும்புவோம். இவற்றிற்குப் பெரும்பாலும் எண்களே பெயர். 2008ஆம் ஆண்டு அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஓர் ஆய்வு நிகழ்ந்தது. தசையாகவும் ஆகவல்ல எலி உயிரணுக்களுக்கு எலும்பாக்கத்தைத் தூண்டும் பி.எம்.பி.-2 என்னும் புரதத்தை அளித்து, எந்தெந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் மாறுகின்றன என்று பார்த்தார்கள். மாறிய 25இல் 22 குறைந்துவிட்டன. அவ்வாறு குறைந்தவற்றுள் 133 என்பது ரன்க்ஸ்-2ஐ அடக்கி வைத்திருந்தது. 135 என்பது பி.எம்.பி.யின் ஆணையை உட்கருவுக்குக் கொண்டுசெல்லும் புரதத்தை அடக்கி வைத்திருந்தது. இதன் பொருளைக் கவனியுங்கள். எலும்பாக்கும் ஆற்றலை வெளியிலிருந்து யாரும் அவ்வுயிரணுவுக்குள் புகுத்தவில்லை. அது முன்பே உள்ளே இருந்தது. அதன்மேல் கிடந்த தடைகள் நீங்கின; எலும்பாக்கம் தொடங்கிற்று.

கொழுப்பு வழிக்கும் எலும்பு வழிக்கும் இடையே நிற்பது 204 என்னும் மைக்ரோ ஆர்.என்.ஏ. மூல உயிரணு கொழுப்பணுவாகும்போது இது மிகுந்து ரன்க்ஸ்-2ஐ அடக்குகிறது என்று 2010இல் கண்டனர். இதன் அளவு கூடினால் கொழுப்பு, குறைந்தால் எலும்பு.

தடை என்றாலே தீது என்றும் எண்ணலாகாது. 29-பி என்னும் மைக்ரோ ஆர்.என்.ஏ. எலும்பாக்கத்துக்குத் துணை செய்கிறது. எவ்வாறு? எலும்பாக்கத்தைத் தடுக்கும் புரதங்களை இது அடக்குகிறது. தடுப்பவரைத் தடுத்தால் வேலை நடக்கும் அல்லவா? மேலும், நாம் முன்னர்க் கூறிய கொலாஜனின் தூதையும் இது பின்னாளில் அடக்குகிறது. நார் அளவுக்கு மிஞ்சிப் பெருகினால் உப்புப் படிவதற்கு இடையூறாகும். பரப்ப வேண்டிய நேரத்தில் பரப்பி, நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தினால்தான் எலும்பு எலும்பாகும். இஃது 2009இல் வெளியான ஆய்வின் முடிவு.

இவையெல்லாம் கண்ணாடிக் கிண்ணத்தில் நடந்தவைதாமே என்று கேட்பீர்கள். 2011இல் டென்மார்க் நாட்டு ஆய்வாளர்கள் மனித மூல உயிரணுக்களை எலியின் உடலில் வைத்துப் பார்த்தனர். 138 என்னும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வை மிகுத்தபோது எலும்பு உருவாதல் 85 விழுக்காடு குறைந்தது. அதனை முடக்கியபோது 60 விழுக்காடு கூடியது. 2013இல் வெளியான மற்றோர் ஆய்வு எலும்பு முறிந்த முதியோரின் எலும்பைச் சோதித்தது. 214 என்னும் மைக்ரோ ஆர்.என்.ஏ. மிகுந்திருந்தவரிடம் எலும்பாக்கம் குன்றியிருந்தது. எலியில் அதனை முடக்கியபோது எலும்பாக்கம் மேம்பட்டது.

மனிதரிடத்தே நேரடியான சான்றும் உண்டு. பைன்கோல்டு நோய்த்தொகுதி என்பது குட்டையான உடலும் சிறிய தலையும் குறுகிய விரலெலும்பும் உடைய ஒரு பிறவிக் குறைபாடு. அதனை உடைய சிலரிடம் 17 முதல் 92 வரையிலான எண்ணால் குறிக்கப்படும் மைக்ரோ ஆர்.என்.ஏ. கூட்டத்தின் ஒரு படி இல்லை என்பதை 2011இல் கண்டனர். மனிதரில் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. மரபணுவின் இழப்பே எலும்புக்கூட்டின் வளர்ச்சியைக் குறைக்கும் என்பது இதனால் உறுதியாயிற்று.

இவ்வளவும் கேட்டபின், இதற்கு மருந்து எங்கே என்று தாய்மார்கள் கேட்பது இயல்பு. உண்மையைச் சொல்ல வேண்டுவது நம் கடமை. எலும்பு நோய்க்கென ஒப்புதல் பெற்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. மருந்து இன்றுவரை எதுவும் இல்லை. காரணம் வெளிப்படை. ஒன்று பல தூதுகளை அடக்குகிறது என்றோம். எலும்பில் நன்மை செய்ய அதனை முடக்கினால், இதயத்திலோ ஈரலிலோ அது செய்துவந்த வேலையும் முடங்கலாம். எலும்புக்கு மட்டும் மருந்தைக் கொண்டுசேர்க்கும் வழியை அறிஞர்கள் தேடி வருகின்றனர்.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் தேய்ந்த மூட்டும் முறிந்த எலும்பும் சரியாகும் என்று விளம்பரம் செய்வோர் பலர் உள்ளனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிர்த் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள், இரத்த நோய்களுக்குச் செய்யப்படும் மாற்று சிகிச்சையைத் தவிர ஏனைய ஸ்டெம் செல் சிகிச்சைகளைச் சோதனை நிலையில் உள்ளவையாகவே கருதின. சோதனையில் சேர்வோரிடம் பணம் பெறுவது முறையன்று. நகையை அடகு வைத்தும், இருக்கும் அரைக்காணியை விற்றும் இத்தகைய ஊசிக்குப் பணம் கட்ட நம் குடும்பங்கள் துணியக்கூடும். அதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இது ஒப்புதல் பெற்ற சிகிச்சையா, சோதனையா? எழுத்து மூலம் விடை கேளுங்கள். கேள்வி கேட்கத் தெரிவதே கல்வியின் முதற்பயன்.

எலும்பைக் காக்க இன்றே செய்யத்தக்கவை சில உண்டு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ளது. வெயில் தோலில் படுவதால் வைட்டமின் டி உண்டாகிறது. நடப்பதும் எடை தாங்கும் உழைப்பும் எலும்பைக் கட்டத் தூண்டுகின்றன. கேழ்வரகுக் களியையும் கூழையும் ஏழை உணவு என்று நம் பிள்ளைகள் வெட்கப்பட வேண்டுவதில்லை. ஐம்பதைக் கடந்த பெண்கள் கீழே விழுந்து எலும்பு முறிந்தால், அதனை விதி என்று விட்டுவிடாமல் எலும்பின் அடர்த்தியைச் சோதிக்கச் சொல்லி மருத்துவரைக் கேட்க வேண்டும்.

நிறைவாக ஒன்று. பிறப்பால் மேல், பிறப்பால் கீழ் என்று பேசியவர்கள் இரத்தம் என்றும் வித்து என்றும் இயற்கையைச் சாட்சிக்கு அழைத்தார்கள். மூல உயிரணு பல வழிகளுள் ஒன்றை ஏற்பதைக் கண்டு, இதோ நமக்குச் சான்று என்று நாமும் அதே முறையில் வழக்காடலாகாது. மனிதர் சமம் என்பதற்கு எலும்பு மஜ்ஜையின் சான்றிதழ் வேண்டியதில்லை; அது நீதியின் பாற்பட்டது. ஆயினும் அவர்கள் அழைத்த சாட்சி இன்று கூண்டில் ஏறி நிற்கிறது. அவர்கள் சொன்னதை அது சொல்லவில்லை என்பதை மட்டும் பதிவு செய்வோம்.

மாணவச் செல்வங்களே! கொலாஜனை அறிந்த கை வேறாகவும் கொலாஜனைத் தொட்ட கை வேறாகவும் இந்நாட்டில் நெடுங்காலம் இருந்தன. இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் பிள்ளைகளுக்கு விளக்கேற்றிப் பாடம் சொன்னது அவ்விரு கைகளும் ஒன்றாக வேண்டும் என்பதற்காகவே. புழுவில் கண்ட 22 எழுத்துகளைச் சிறியவை என்று தள்ளாமல் காத்திருந்தவர்களால் ஒரு புதிய அறிவுத் துறை பிறந்தது. 204ஐ எலும்பில் மட்டும் அடக்கும் வழியைக் காண வேண்டிய வேலை இன்னும் மிச்சமிருக்கிறது. அதனைச் செய்பவர் இங்கே முன்வரிசையில் தரையில் அமர்ந்திருக்கும் உங்களுள் ஒருவராக ஏன் இருக்கலாகாது? உயிரியலும் வேதியியலும் நமக்கு எட்டாதவை என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். உங்களிடம் ஆற்றல் இருக்கிறது. நீங்க வேண்டியவை தடைகளே. அவற்றை நீக்கும் பணியில் இச்சங்கம் மேலும் பல்லாண்டு தொடர வேண்டும் என வாழ்த்துகிறோம்.